மெதுவா பேசுங்கண்ணே: பழைய செட்டுகளை நெரோவுக்கு மாற்றிய கதை

ஹட்டனில் "ரேடியோ திருத்துமிடம்" என்று போர்டு மாட்டினால் பாட்டுக் கேட்கிற பெட்டிகளைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். என்னிடம் வருகிற செட்டுகள் வேறு. தேயிலைத் தோட்டத்து ஒபிசுக்கும் ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலை), கொழுந்து லொறிக்கும் மலைக்கும் நடுவே பேசுகிறவை. எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் இவை ஒழியவில்லை. எங்கள் பக்கம் ஒரு முடக்குத் திரும்பினால் சிக்னல் போய்விடும். பள்ளத்து டிவிசன்களில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாறைமேல் நிற்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். செட் என்றால் ஒரு பட்டனை அமுக்கிப் பேசினால் இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். "7ஆம் நம்பர் மலையில கொழுந்து நெறைய கெடக்கு, லொறிய மேல அனுப்புங்க" என்று சொல்ல யாருக்கென்று போன் போடுவது?

சில வருடங்களுக்கு முன் மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளாக்கர் ஐயா ஒருவர் உரிமக் கடதாசியோடு வந்தார். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அலைவரிசை உரிமத்தைப் புதுப்பித்திருந்தார்கள். பழைய கடதாசியில் 16கே0எஃப்3ஈ என்று இருந்த இடத்தில் புதியதில் 11கே0எஃப்3ஈ என்று இருந்தது.

"அச்சுப் பிழையா தம்பி?"

பிழை இல்லை. அந்த எழுத்துக்கூட்டத்தின் முதல் பாதி அகலத்தைச் சொல்கிறது. இதுவரை 16 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இனி 11க்குள் பேச வேண்டும். அடுத்தடுத்த சனல்களுக்கு நடுவே 25 கிலோஹேர்ட்ஸ் இருந்தது 12.5 ஆகிறது. அகலமான பழைய முறையை வைட் என்போம், ஒடுங்கிய புதியதை நெரோ என்போம். முன்பு ஒருவர் இருந்த இடத்தில் இனி இரண்டு பேர் இருக்கலாம். லயத்துக் காம்பராவை (தோட்டத்து வரிசை வீட்டின் அறை) நடுவில் மறித்து மகனுக்கும் மருமகளுக்கும் கொடுக்கிற மாதிரி என்று சொன்னேன். ஐயாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்கிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இதை வைத்துத்தான். எஃப்எம் செட்டில் நாம் பேசும்போது அலைவரிசை ஓரிடத்தில் நிற்பதில்லை. குரல் உயர உயர நடுவிலிருந்து இரு பக்கமும் விலகி ஆடும். வைட் செட்டில் அந்த விலகல் அதிகபட்சம் 5 கிலோஹேர்ட்ஸ், நெரோவில் 2.5. கேட்கிற பக்கத்து செட் அந்த ஆட்டத்தின் அளவைத்தான் சத்தமாக மாற்றுகிறது. கத்தினால் அதிகம் விலகும், முணுமுணுத்தால் குறைவாக விலகும். இவ்வளவுதான். இதை மறக்காமல் வேலை செய்திருந்தால் எனக்கு இரண்டு கிழமை மிச்சமாகியிருக்கும்.

நான் செய்த முதல் பிழை, சப்பாத்துத் தைக்கிறவர் போல ஒவ்வொரு சோடியாக எடுத்துத் தைத்தது. தோட்டத்தில் வேலை நிற்கக் கூடாது, ஆகவே நாலு நாலு செட்டாகக் கொண்டுவந்து மாற்றித் திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தேன். முதல் நாலும் போன அன்று மத்தியானமே போன். புது செட்டில் கங்காணி பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறதாம். பாவம் அந்த மனிதர், பெட்டரி இறங்கிவிட்டது என்று மூன்று பெட்டரி மாற்றிப் பார்த்திருக்கிறார். நெரோ செட் 2.5தான் ஆட்டுகிறது, கேட்கிற பழைய செட்டோ 5ஐ எதிர்பார்க்கிறது. சத்தம் பாதிதான் வரும்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். அந்தத் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தருக்கு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் மைக் தேவைப்படாத குரல். அவரிடம் இருந்தது வைட் செட். அவர் பேசியதை நெரோ செட்டில் கேட்டால், மெதுவான சொற்கள் கரகரவென்று விழுந்தன, அழுத்திச் சொன்ன சொற்கள் அப்படியே காணாமல் போயின. செட்டுக்குள் தன் சனலை மட்டும் உள்ளே விடுகிற வாசல்தான் ஃபில்டர். விலகல் பெரிதாகும்போது அலை நெரோ ஃபில்டரின் சுவரில் மோதுகிறது. அந்தக் கணத்தில் செட்டுக்குள் இருக்கிற ஸ்குவெல்ச், இது குரல் இல்லை, இரைச்சல் என்று நினைத்து ஸ்பீக்கரை மூடிவிடுகிறது. "லொறி", "உடனே", "வேண்டாம்" என்று எதை அழுத்திச் சொன்னாரோ அதுதான் போனது. "வேண்டாம்" கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு லொறி வெறும் வண்டியாக மேல் டிவிசனுக்கு ஏறி இறங்கியது.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எல்லா செட்டையும் ஒரே நாளில் மாற்ற முடிகிற வரைக்கும் ஒரு செட்டையும் மாற்றாதீர்கள். கணினியில் ஒரு சின்னக் கட்டத்தில் 25ஐ 12.5 ஆக்குவது அரை நிமிட வேலை. ஒரு மலை, அதன் உச்சியில் கேட்டதைத் திரும்பச் சொல்கிற ஒரு ரிப்பீட்டர், இருபது மனிதர், ஐந்து வண்டி, எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதுதான் வேலை. அந்த நாலு செட்டையும் வெட்கத்தோடு திருப்பி வாங்கி மறுபடி வைட் ஆக்கிக் கொடுத்தேன். பிறகு கிளாக்கர் ஐயாவிடம் ஒரு பட்டியல் கேட்டேன். ரிப்பீட்டர் தவிர 21 செட் என்று எழுதித் தந்தார். இந்த 21 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் செட்டுகளை உட்கார்ந்து பார்த்தேன். மூன்று தலைமுறை ஒரே தோட்டத்தில். கையடக்கச் செட்டுகளில் பாதி மோட்டரோலாவின் ஜிபி328. விண்டோஸ் மென்பொருளில் ஒவ்வொரு சனலுக்கும் தனித்தனியாக 12.5 போடலாம், தலையிடி இல்லை. யாரோ கொழும்பிலிருந்து வாங்கி வந்த சீனத்துச் செட்டுகள் நாலு. அவற்றில் மெனுவிலேயே வைட், நெரோ மாற்றலாம். ஆனால் ஒரு பொறி உண்டு: ஏற்கெனவே சேமித்த சனலில் நின்றுகொண்டு மெனுவில் மாற்றினால் அந்த மாற்றம் நிலைக்காது. சனலையே திரும்பச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் போட்டு எழுத வேண்டும். மூன்றாவது, வண்டிகளிலும் ஒபிசிலும் இருந்த 90களின் மொபைல் செட்டுகள். இவற்றில்தான் நாள் போனது.

அமெரிக்காவில் 1997இலிருந்து புதிதாக அங்கீகாரம் கேட்கிற மாடல்கள் 12.5இல் வேலை செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2013 ஜனவரி 1 முதல், 150 தொடக்கம் 174, 421 தொடக்கம் 470 மெகாஹேர்ட்ஸ் வரைக்குமான தொழில் செட்டுகள் நெரோவுக்கு மாறியே இருக்க வேண்டும் என்றார்கள். நம் நாட்டு விதி அதுவல்ல என்றாலும், செட் செய்கிறவர்கள் பெரிய சந்தையைப் பார்த்துத்தானே செய்வார்கள். அதனால் பின்பக்க லேபிளைப் பார்த்து, 90களின் நடுவுக்கு முந்தியதா பிந்தியதா என்று கண்டுபிடிப்பது நல்ல முதல் சோதனை. வெளியே ஒரே பெயர் போட்ட செட்டுகள் உள்ளே ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்து வரைக்கும் வாசியுங்கள்.

பழைய மொபைல்களில் ஜிஎம்300 மாதிரியானவை டொஸ் காலத்து மென்பொருளைத்தான் ஏற்கும். அந்த மென்பொருள் நேரத்தை அளப்பது கணினியின் வேகத்தை வைத்து. இன்றைய கணினியில் ஓட்டினால் செட்டோடு பேச்சு ஒத்துப்போகாது. வாசிக்கிறேன் என்று தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். எழுதும்போது அப்படி நின்றால் செட்டே செத்துப் போகலாம். இதற்கென்றே ஒரு பழைய 486 மடிக்கணினியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். விண்டோசுக்குள் திறக்கிற கறுப்பு ஜன்னல் போதாது, டொசிலேயே பூட் பண்ண வேண்டும். யுஎஸ்பி மாற்றி கேபிளும் சரிவராது, உண்மையான சீரியல் போர்ட் வேண்டும். மென்பொருள் இருந்தது பிளொப்பியில். ஹட்டன் ஈரத்தில் சாமி படமே பூஞ்சை பிடிக்கும், பிளொப்பி எம்மாத்திரம். மூன்று பிரதியில் ஒன்றுதான் வாசித்தது. அன்றைக்கே அதை மூன்று இடத்தில் பிரதி எடுத்தேன்.

கணினிக்கும் செட்டுக்கும் நடுவே ரிப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சீரியல் போர்ட்டின் வோல்டேஜ் செட்டுக்கு ஆகாது. இந்தப் பெட்டி அதைச் செட் தாங்குகிற அளவுக்கு இறக்கிக் கொடுக்கிறது. எல்லாம் பொருத்திவிட்டு வாசிக்கச் சொன்னால் செட் வாய் திறக்கவில்லை. கேபிளை மாற்றினேன். வயரை ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்தேன். செட்டைக் கழற்றினேன். மறுநாள் பின்னேரம் வரைக்கும் அதே கதை. கடைசியில் கடைக்கு வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன், "அங்கிள், இதுக்குப் பெட்டரி இல்லையா?" என்று கேட்டான். ரிப் பெட்டிக்குள் ஒரு 9 வோல்ட் பெட்டரி. போட்டு எத்தனை வருடமோ, பொங்கி ஒட்டிப் போயிருந்தது. பையனுக்கு ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

செட்டுக்குள் இருக்கிற தகவல் தொகுப்பைக் கோட்பிளக் என்பார்கள். எதையும் மாற்றும் முன் அதை வாசித்து, செட்டின் சீரியல் எண்ணைப் பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள். ஒரு செட்டின் கோட்பிளக்கை இன்னொன்றில் அப்படியே ஏற்றுவது சோம்பேறி வழி. பழைய மாடல்களில் சனல் மட்டுமில்லாமல் அந்த ஒரு செட்டுக்கென்று தொழிற்சாலையில் சரிசெய்த அளவுகளும் அதற்குள்ளேயே இருக்கும். நான் ஒரு தடவை அப்படி ஏற்றி, பவரும் விலகலும் தாறுமாறாகிப் போன செட்டைத் திரும்ப எடுக்க இரண்டு நாள் மெனக்கெட்டேன்.

(இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது யுத்த காலத்தில். ஒரு தமிழ்ப் பையன் பையில் இரண்டு வோக்கி டோக்கியும் ஒரு அன்டனாவும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போவது எப்படி இருக்கும் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் விளங்காது. தோட்டத்துக் கடிதம், உரிமப் பிரதி, செட் சீரியல் எண்கள் எழுதிய பட்டியல், மூன்றும் சட்டைப் பையிலேயே இருக்கும். எங்கே போனாலும் பட்டியல் எழுதுகிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.)

ஆறு மொபைல்களில் இரண்டு நெரோவுக்கு வரவே மாட்டேன் என்றன. மென்பொருளில் 12.5 என்ற தெரிவே இல்லை. கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னால்: 455 கிலோஹேர்ட்ஸ் செராமிக் ஃபில்டர் ஒன்றே ஒன்று, அதன் தலையில் 455ஈ. கடைசி எழுத்துத்தான் அகலம். ஈ என்றால் நடுவிலிருந்து இரு பக்கமும் 7.5 கிலோஹேர்ட்ஸ் விடும், எஃப் என்றால் 6, ஜி என்றால் 4.5, எச் என்றால் 3. இரண்டு அகலத்திலும் ஓடுகிற செட்டுகளில் இரண்டு ஃபில்டர் இருக்கும், சனலுக்கு ஏற்றபடி மாறிக்கொள்ளும். இதில் இருந்தது வைட் மட்டும். ஒரு செட்டில் ஈயை எடுத்துவிட்டு ஜி போட்டேன், விலகலைக் கூட்டிக் குறைக்கிற திருகை, அதாவது பொட்டைக் குறைத்தேன், கேட்கிற சத்தத்தைக் கூட்டினேன். வேலை செய்தது. ஆனால் ஒரு முழு நாள் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், இது ஆசைக்குச் செய்கிற வேலை, கூலிக்குச் செய்கிற வேலை இல்லை. இரண்டாவதைத் திறக்கவே இல்லை. உதிரிக்கு வைத்துக்கொண்டு, 12.5 ஓடுகிற பழைய ஜிஎம்338 ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

அந்த ஃபில்டர் மாற்றிய செட் இன்னொரு பாடமும் சொல்லித் தந்தது. மத்தியானம் நன்றாகப் பேசும், விடியப் பெரட்டு நேரத்தில் கரகரக்கும். குளிர். பழைய செட்டில் அலைவரிசையைப் பிடித்து நிறுத்துகிற கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 5 பங்கு வரைக்கும் நகரலாம் என்று அனுமதி. 155 மெகாஹேர்ட்ஸில் அது 775 ஹேர்ட்ஸ். வைட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. பாதை ஒடுங்கிய பிறகு அந்த நகர்வு குரலின் ஒரு ஓரத்தைச் சுவரில் உரசுகிறது. நெரோ செட்டுகளில் பலவற்றுக்கு 2.5 பங்கு என்று கேட்பது அதனால்தான். நானுஓயா, நுவரெலியாப் பக்கம் வேலை செய்கிறவர்கள் செட்டைக் கடைச் சூட்டில் மட்டும் அளந்து கொடுத்துவிடாதீர்கள். இரவு வெளியே வைத்து, காலை ஆறு மணிக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள்.

அளப்பது எப்படி? பெரிய கடைகளில் சர்விஸ் மொனிட்டர் இருக்கும். என்னிடம் இல்லை. டிவி பார்க்க என்று விற்கிற யுஎஸ்பி டொங்கிள் ஒன்றை மடிக்கணினியில் குத்தி, அலையைத் திரையில் பார்க்கிறேன். இதில் ஒரு பழைய கணக்கு உதவும். சுத்தமான ஒரு டோனை மைக்குக்குக் கொடுத்து மெல்லச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் நடு அலை திரையிலிருந்து மறைந்துவிடும், இரு பக்கக் கிளைகள் மட்டும் நிற்கும். முதல் தடவை அப்படி மறைகிற இடத்தில் விலகல் அந்த டோனின் 2.405 மடங்கு. ஆகவே 1,040 ஹேர்ட்ஸ் டோன் கொடுத்தால், நடு அலை மறைகிற இடம் 2.5 கிலோஹேர்ட்ஸ். போனில் டோன் ஜெனரேட்டர் ஒன்று போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாலே போதும். அளக்கும்போது டோன் ஸ்குவெல்ச்சை (குரலோடு சேர்ந்து போகிற தாழ்ந்த அடையாள ஒலி) நிறுத்திவிடுங்கள், அது கணக்கைக் குழப்பும். சத்தத்தை முழுதாகக் கூட்டியும் நடு அலை மறையவே இல்லையென்றால் உங்கள் செட் 2.5ஐத் தொடவில்லை. சீக்கிரமே மறைந்து, மேலும் கூட்டக் கூட்டத் திரும்ப எழும்பி வந்தால் எல்லை தாண்டுகிறது, பொட்டைக் குறையுங்கள். முதல் தடவை நடு அலை மறைந்ததைப் பார்த்து நான் கடையில் தனியாகக் கை தட்டினேன்.

மாற்றுகிற நாளாக ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தைத் தெரிவு செய்தோம். அன்றைக்கு மலையில் வேலை இல்லை. காலையிலேயே எல்லா செட்டும் ஒபிஸ் வராந்தாவில் வரிசையாக வந்திருந்தன. தம்பி ஒருவனை அங்கே விட்டு, கையடக்கங்களை எழுதச் சொல்லிவிட்டு நான் ரிப்பீட்டருக்கு ஏறினேன். தோட்டத்து உச்சியில் தகரக் கொட்டில், அதற்குள் இரண்டு மொபைல் செட் முதுகோடு முதுகு கட்டியது மாதிரி. ஒன்று கேட்கும், மற்றது சொல்லும். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு, 486ஐத் தலையில் சுமந்து போனேன். ரிப்பீட்டரில் இரண்டு பக்கத்தையும் 12.5 ஆக்கினால் மட்டும் போதாது. கேட்கிற செட்டிலிருந்து சொல்கிற செட்டுக்குப் போகிற ஓடியோ அளவைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். உள்ளே போன விலகலும் வெளியே வருகிற விலகலும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்துவிட்டு இறங்குங்கள். டோன் ஸ்குவெல்ச்சின் விலகலும் வைட்டில் இருந்ததில் பாதியாக வேண்டும். அதை மறந்தால் எல்லார் குரலுக்கும் பின்னால் வண்டு ஒன்று ரீங்கரிக்கும்.

தூரம் குறையுமா என்று பெரிய துரை (தோட்ட மேனேஜர்) கேட்டார். கொஞ்சம் குறையும். விலகல் பாதியானால் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தில் 6 டெசிபல் போகிறது, ஃபில்டர் ஒடுங்கி இரைச்சலும் குறைவதால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. முன்பே இரைச்சலோடு கேட்டுக்கொண்டிருந்த பள்ளத்து லயத்துக்குத்தான் தெரியும். அங்கே அன்டனாவை ஒரு கமுக மரத்து உயரத்துக்குத் தூக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

பின்னேரம் நாலு மணிக்கு 21 செட்டும் பேசின. கிளாக்கர் ஐயா ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பட்டியலில் சரி போட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, மழை விடாமல் பெய்த ஓர் இரவு, பதினொரு மணியிருக்கும். ஸ்டோர் வாச்சர் என் போனுக்கு எடுத்தார். "அண்ணே, செட்டுல யாரோ கத்துறாரு. துண்டு துண்டா விழுது. ஒன்னும் வெளங்கல." போனைச் செட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். "...ண்ணு... ரோட்டுல... ...முடியாது... புள்ளத்தாச்சி..." அழுத்திச் சொன்ன இடமெல்லாம் வெட்டு. அந்த வெட்டை எனக்குத் தெரியும். எங்கேயோ ஒரு வைட் செட் பேசுகிறது.

"அவர்கிட்டச் சொல்லுங்க, செட்ட மொகத்துலருந்து ஒரு மொழம் தள்ளிப் புடிச்சிக்கிட்டு, காதுக்குள்ள சொல்ற மாதிரி மெதுவாப் பேசச் சொல்லுங்க."

வாச்சருக்கு நம்பிக்கை இல்லை. ஆபத்தில் கத்துகிற மனிதரிடம் போய் மெதுவாகப் பேசு என்பதா? ஆனாலும் சொன்னார். "அண்ணே, மெதுவா பேசுங்கண்ணே. தள்ளிப் புடிச்சிக்கிட்டு மெதுவா பேசுங்க." மூன்றாவது தடவைதான் அந்தப் பக்கம் கேட்டது. பிறகு, போனுக்குள் இருந்த செட்டுக்குள்ளிருந்து, கரகரப்போடு ஆனால் முழுதாக ஒரு குரல் வந்தது: பாலத்துக்கு மேல் முடக்கில் மண்மேடு ரோட்டில் சரிந்திருக்கிறது, வேனில் பிள்ளைத்தாச்சிப் பெண் இருக்கிறாள், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அந்தப் பக்கம் ஒரு வண்டி வேண்டும், மண்வெட்டியோடு பத்துப் பேர் வேண்டும்.

பக்கத்து லயத்திலிருந்து ஆட்கள் போனார்கள். அந்தப் பெண்ணைக் கம்பளியில் வைத்து மண்மேட்டைத் தாண்டித் தூக்கி, மறுபக்கம் நின்ற கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். விடியற்காலை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை.

செட் இரண்டு நாள் கழித்து ஷொப்பிங் பேக்கில் சுற்றி என் கடைக்கு வந்தது. பென்சன் போன டிரைவர் ஒருவர் திருப்பிக் கொடுக்க மறந்து, வேன் ஓட்டுகிற மகனிடம் விட்டுப் போன பழைய கையடக்கம். பட்டியலில் இல்லாத 22ஆவது. வாசித்துப் பார்த்தேன், எல்லாச் சனலும் 25. பட்டியலை ஒபிஸ் அலமாரியைப் பார்த்து எழுதாமல், ஒவ்வொரு சார்ஜரும் எந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

அந்த வேன்காரத் தம்பி இப்போதும் செட்டை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரித்தான் பேசுகிறான். செட் நெரோ ஆகிவிட்டது, இனி கிட்டப் பிடித்துப் பேசலாம் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. அவன் பேசுவதுதான் இப்போது யாருக்கும் கேட்பதில்லை.